இருபத்திரண்டு பீன்ஸ் பாட்டில்

மே 28

பிளம்ஸ் இன்றோடு முடிந்தது. ஆறு மரம்தான். ஆனால் இப்படி ஒரு காய்ப்பை இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து பார்த்ததில்லை. கிளை முறியாமல் இருக்க நான்கு இடத்தில் முட்டுக் கொடுத்திருந்தேன். குரங்குக்கும் குருவிக்கும் போக மிஞ்சியதே கூடை கூடையாக வந்தது. பாகில் போட்டு அடைத்தது அறுபத்து நான்கு பாட்டில். பாதிக்கு மேல் தெருவில் வீடு வீடாகக் கொடுத்தாயிற்று. மனைவி எமல்டாவின் விரல்கள் கொட்டை எடுத்து எடுத்துச் சிவந்துவிட்டன. "ரிட்டயர் ஆனா ஓய்வுன்னு சொன்னீங்க. எனக்கும் சேர்த்துச் சொல்லலபோல" என்றாள்.

இது தோட்டத்துக்கான நோட்டு. எப்போது மழை, எது எவ்வளவு காய்த்தது, எத்தனை பாட்டில். அவ்வளவுதான் எழுதுவது.

கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் ஏரியைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எங்கள் தெருவுக்கு வந்தால் 'பாட்டில் சார்' வீடு எது என்று யாரும் காட்டுவார்கள். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுத்தேன். அப்போது பிள்ளைகள் வைத்த பெயர்களைவிட இது தேவலை.

ஜூன் 9

சாரல். பீன்ஸ் பந்தல் முழுக்கக் காய். இன்று மட்டும் பதினோரு கிலோ. இரண்டு நாள் விட்டால் நார் தட்டிவிடும்.

பெரிய குக்கரின் ரப்பர் வளையம் விரிசல் விட்டிருக்கிறது. விசில் வருவதற்குள் பக்கவாட்டில் ஆவி சீறுகிறது. பஜாரில் இரண்டு கடை ஏறி இறங்கினேன். அந்த அளவு இல்லை, மதுரையிலிருந்து வரவேண்டும், பத்து நாள் ஆகும் என்றார்கள்.

ஜூன் 11

பீன்ஸ், இருபத்திரண்டு பாட்டில். உப்புத் தண்ணீரில் போட்டு, அண்டாவில் அடுக்கி, ஒரு மணி நேரத்துக்கு மேலேயே கொதிக்கவிட்டேன். மூடியெல்லாம் நன்றாக உள்வாங்கிப் பிடித்துவிட்டது. பச்சை நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. எமல்டா, "குக்கர்ல வைக்கணும்னுதானே கிளாஸ்ல சொன்னீங்க?" என்று கேட்டாள். ஏப்ரல் மாதம் சர்ச் ஹாலில் இருபது பெண்களுக்கு ஒருநாள் வகுப்பு எடுத்ததைச் சொல்கிறாள். புளிப்புள்ள பழத்துக்குக் கொதிநீர் போதும், புளிப்பில்லாத காய்க்கு குக்கர் இல்லாமல் தொடவே கூடாது என்று போர்டில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருந்தேன்.

அது பொதுவாகப் பழக்கமில்லாதவர்களுக்குச் சொல்வது என்றேன்.

அடுப்புக்கு மேலே உள்ள பலகையில் அடுக்கியாயிற்று. இந்த ஈரத்தில் காய்ந்திருக்கிற இடம் அது ஒன்றுதான்.

ஜூலை 2

பீன்ஸ் பாட்டில்களில் பதினான்கை ஏழு வீட்டுக்குக் கொடுத்தேன், வீட்டுக்கு இரண்டாக. அடுத்த வீட்டு ஜோதிமணி வாங்கும்போதே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அவள் கணவர் இறந்து பத்து வருடமாகிறது. மகன் ரஞ்சித் என் மாணவன், ஜீப் ஓட்டுகிறான். மாசி மாதம்தான் அவனுக்குக் கல்யாணம் ஆனது. மருமகள் செவ்வந்தி வத்தலக்குண்டுப் பெண். மேலே வந்த நாளிலிருந்து ஸ்வெட்டரைக் கழற்றியதில்லை.

"இதை வேக வைக்கணுமா சார், இப்படியே திங்கலாமா?" என்றாள் ஜோதிமணி.

"தாராளமா. வெங்காயம் நறுக்கிப் போட்டு அப்படியே சாப்பிடு. வெந்ததுதானே."

"சார் கையில எது பட்டாலும் மணக்குது" என்றாள். செவ்வந்தி பின்னால் நின்று சிரித்தாள்.

ஜூலை 6

காலையில் ஜோதிமணிக்கு உடம்பு சரியில்லை. பார்க்கப் போனேன். நான் ஒருவன் நின்றிருக்க, இரண்டு சாராகத் தெரிகிறதாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கண் இமை பாதிக்கு மேல் ஏறவில்லை. நாக்கு குழறியது. கொடுத்த காப்பி மூக்கு வழியாக வந்தது. காய்ச்சல் இல்லை.

ரஞ்சித் சவாரிக்காகக் கேரளா போயிருந்தான். செவ்வந்தி போன் போட்டு அழுதாள். மூன்று மணிக்கு வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். இமை இறங்கியிருப்பதால் கட்டுவிரியன் கடியாக இருக்குமோ என்று உடம்பெல்லாம் தேடினார்களாம். இந்தக் குளிரில் கட்டுவிரியன் ஏது. மதுரைக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள்.

வீட்டில் இருந்த செவ்வந்தியிடம், நேற்று ஜோதிமணி என்ன சாப்பிட்டாள் என்று கேட்டேன். கீரை கடைந்தாளாம், சோறு, ரசம். "உங்க பீன்ஸை வெங்காயம் போட்டு அத்தை மட்டும் சாப்பிட்டாங்க. எனக்கு அந்த வாசம் பிடிக்கல."

பாதி பாட்டில் மிச்சமிருந்தது. மூடி சரியில்லை, மாற்றித் தருகிறேன் என்று அதையும், திறக்காத இன்னொன்றையும் கேட்டேன். செவ்வந்தி கழுவிக்கொண்டிருந்த கையைத் துடைத்துவிட்டு எடுத்துக் கொடுத்தாள்.

ஜூலை 7

மற்ற ஆறு வீட்டிலும் மூடிக் குறை என்று சொல்லித் திரும்ப வாங்கினேன். இரண்டு வீட்டில் ஏற்கெனவே காலி. பொரியல் செய்து சாப்பிட்டார்களாம். நன்றாகக் கொதிக்க வைத்திருப்பார்கள். ஒருவருக்கும் எதுவும் இல்லை. பாக்கி பதினேழு முழு பாட்டிலும் அந்தப் பாதியும். எல்லாவற்றையும் அண்டாவில் போட்டுக் கொதிக்கவைத்து, பேரி மரத்துக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தேன்.

முன்னெச்சரிக்கைதான்.

மழை 22 மி.மீ.

ஜூலை 8

பஸ்ஸில் மதுரை போனேன். அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி. ஜோதிமணியால் பேச முடியவில்லை. ஆனால் நினைவு தெளிவாக இருக்கிறது. என்னைப் பார்த்ததும் விரலைத் தூக்க முயன்றாள். கை எழவில்லை.

இளம் டாக்டர் ஒருவர் வெளியே வந்து எங்கள் எல்லோரையும் நிறுத்திக் கேட்டார். "காளான், கெட்டுப்போன மீன், டப்பாவில அடைச்சது, பாட்டில்ல அடைச்சது, எதாவது சாப்பிட்டாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

ரஞ்சித் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தான். அவன் அன்று வீட்டிலேயே இல்லை, அவனுக்கு என்ன தெரியும். செவ்வந்தி கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள். நான் இருந்தேன்.

ஜோதிமணியின் அக்கா பாக்கியம்தான் பதில் சொன்னாள். "கீரை சார். மலையில பறிச்ச கீரை. இவ மருமக கீழ ஊர்க்காரி, எது கீரை எது வெசச்செடின்னு தெரியுமா அவளுக்கு?"

டாக்டர் குறித்துக்கொண்டார்.

செவ்வந்தி மருந்துப் பையோடு படியேறி வந்தபோது பாக்கியம் அவள் மேல் பாய்ந்தாள். "நானும்தானே பெரியம்மா சாப்பிட்டேன், எனக்கு ஒண்ணும் ஆகலியே" என்றாள் அந்தப் பெண். "நீ தின்னியோ, திங்கிற மாதிரி நடிச்சியோ, யாரு கண்டா?" என்றாள் பாக்கியம். வராண்டாவில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செவ்வந்தி ரஞ்சித்தைப் பார்த்தாள். அவன், "நீ கொஞ்ச நாள் உங்க அப்பா வீட்ல இரு" என்றான்.

நான் தண்ணீர் பாட்டில் வாங்கிவருகிறேன் என்று கீழே இறங்கிவிட்டேன்.

ஜூலை 9

ஜோதிமணிக்கு மூச்சு விட முடியவில்லையாம். அதிகாலையில் குழாய் போட்டு மிஷினில் வைத்திருக்கிறார்கள். ரஞ்சித் போன் செய்து சொன்னான்.

களை எடுத்தேன்.

ஜூலை 10

காலையில் காப்பியை வைத்துவிட்டு எமல்டா எதிரில் உட்கார்ந்தாள். வழக்கமாக நின்றுகொண்டேதான் குடிப்பாள்.

"பேரி மரத்துக்குப் பின்னாடி என்ன புதைச்சீங்க?"

காப்பியைக் கையில் எடுத்தேன்.

"நானே தோண்டிப் பாத்துட்டேங்க. மூடிக் குறைன்னா மூடியைத்தானே மாத்துவாங்க? பீன்ஸோட எதுக்குப் புதைக்கணும்?"

மழை விடட்டும், பேசலாம் என்றேன்.

"நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா? பஸ் எட்டரைக்கு."

எட்டரை பஸ்ஸில் போனேன். அவளும் வந்தாள்.

அதே டாக்டர். பீன்ஸ் பாட்டிலைப் பற்றிச் சொன்னேன். குக்கரில் வைக்கவில்லை என்றும் சொன்னேன். "இப்பத்தான் ஞாபகம் வந்தது" என்றேன். எமல்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மூடிய பாட்டிலுக்குள் காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமி, அதன் விஷம் நரம்பை முடக்கும் என்று எனக்கு விளக்கினார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். இதே பாடத்தைப் பதினொன்றாம் வகுப்பில் பாடத்திட்டத்துக்கு வெளியே, பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கவேண்டும் என்பதற்காகவே, வருடா வருடம் சொல்லியிருக்கிறேன்.

"முறிமருந்து இங்க கிடைக்காது, வெளியிலிருந்து வரவழைக்கணும். அது இதுக்கு மேல போகாம தடுக்கும். படுத்ததை எழுப்பாது. நான் கேட்ட அன்னிக்கே தெரிஞ்சிருந்தா ஒருவேளை மிஷின் வரைக்கும் போயிருக்காது" என்றார். பிறகு, "பாட்டில் இருக்கா, டெஸ்ட்டுக்கு?"

கொதிக்கவைத்துவிட்டேன் என்றேன். எதற்குக் கொதிக்கவைத்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. பேனாவை எடுத்து அதையும் குறித்துக்கொண்டார்.

ஜூலை 11

ரஞ்சித் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்களா வந்து சொன்னீங்களே சார். வேற யாராவதுன்னா சொல்லியிருப்பாங்களா?"

ஜூலை 13

முறிமருந்து வந்து சேர்ந்து இன்று ஏற்றினார்கள்.

ஜூலை 21

எமல்டா தனி அறையில் படுக்கிறாள். சமைக்கிறாள், பரிமாறுகிறாள், மருந்து நேரத்துக்கு மாத்திரையை எடுத்து வைக்கிறாள். பேசுவதில்லை.

தெருவில் எல்லோரும் மரியாதையாக இருக்கிறார்கள். தெரியாமல் நடந்த தப்புதானே என்கிறார்கள்.

ஜூலை 30

பால் கடையில் பாக்கியம். ஆஸ்பத்திரிக்கு மாற்றுத் துணி எடுக்க வந்திருக்கிறாள். கடைக்காரரிடம் எனக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "சார் பெரிய மனசுக்காரரு. அந்தப் பிள்ளை வாழ்க்கை போயிரக்கூடாதேன்னு பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டாரு. பீன்ஸ் தின்ன மத்த வீட்ல எல்லாம் நல்லாத்தானே இருக்காங்க?"

கடைக்காரர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ரஞ்சித் மனைவியை அழைத்துவரப் போகவில்லை. பெரியம்மா சொல்வதை அவனும் பாதி நம்புகிறான்போல.

ஆகஸ்ட் 12

ஜோதிமணியை மிஷினிலிருந்து எடுத்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல். பல நாள் குழாய் வாயில் இருக்கக்கூடாது என்று இடையில் கழுத்தில் துளை போட்டு வைத்திருந்தார்கள்.

அறைக்கு வெளியிலிருந்தே பார்த்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 19

வத்தலக்குண்டு போனேன். எமல்டாவிடம் சொன்னபோது, "தனியாப் போங்க" என்றாள். அந்த வாக்கியத்தை எண்ணிப் பார்த்தால், ஒரு மாதத்தில் அவள் என்னிடம் பேசியது அதுதான் அதிகம்.

செவ்வந்தியின் அப்பா தச்சு வேலை செய்கிறவர். வாசலில் கதவுச் சட்டம் இழைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க சார், எம் பொண்ணு பேரைக் காப்பாத்துன தெய்வம் நீங்க" என்று நாற்காலியைத் துண்டால் துடைத்தார். இங்கேயும் அந்தக் கதை வந்து சேர்ந்திருக்கிறது. உட்காராமல் நின்றேன்.

செவ்வந்தி உள்ளேயிருந்து வந்தாள். ஸ்வெட்டர் இல்லாமல் அவளைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இளைத்திருந்தாள்.

"அப்பா, நீங்க கொஞ்சம் உள்ள போங்க" என்றாள்.

அவர் போனதும், "உன் மேல தப்பில்லம்மா, என் பாட்டில்தான் காரணம். அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றேன்.

"அது எனக்குத் தெரியும் சார்."

"ரஞ்சித்கிட்டயும் சொல்லியிருக்கேன்."

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

நான் தரையில் கிடந்த இழைப்புச் சுருளைப் பார்த்தேன்.

"அத்தை ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கு வந்து பாட்டிலை வாங்கிட்டுப் போனீங்க. நான்தானே எடுத்துக் கொடுத்தேன். மூடிக் குறைன்னீங்க. நான் அப்ப ஒண்ணும் நினைக்கல. இங்க வந்து, ஒரு வேலையும் இல்லாம உக்காந்திருக்கையிலதான் ஒவ்வொண்ணா ஞாபகம் வந்துச்சு." குரல் ஏறவேயில்லை. "பெரியம்மா என்னை அத்தனை பேரு முன்னாடி கொலைகாரின்னு சொல்லும்போது நீங்க அங்கதானே நின்னீங்க? தண்ணி வாங்கப் போனீங்க."

"ஆமாம்மா."

"என்னைத் திட்டட்டும்னு விட்டீங்களா?"

"பயந்துட்டேன்."

"யாருக்கு?"

அந்தக் கேள்விக்கு அங்கே பதில் வரவில்லை. இப்போது எழுதுகிறேன். போலீசுக்கு அல்ல, ஜோதிமணி செத்துவிடுவாளோ என்றுகூட அல்ல. இருபது பெண்கள் முன்னால் போர்டில் எழுதிக் கோடு போட்டவன், அதையே செய்யாமல் விட்டான் என்று தெருவில் தெரிந்துவிடுமே என்றுதான். அதற்காகத்தான் ஒரு பெண்ணை மூன்று நாள் கொலைகாரி ஆக்கினேன். மூன்று நாள் என்பதும் பொய். பாக்கியத்தின் கதையை மறுக்காமல் விட்டதையும் சேர்த்தால் நாற்பத்திரண்டு நாள்.

"நான் என்ன செய்யணும், சொல்லும்மா" என்றேன்.

"பீன்ஸ்னால வந்துச்சுன்னு சொன்னா போதாது சார். எல்லாரும் உங்களைத்தான் நல்லவருங்கிறாங்க. உங்களுக்கு எப்பத் தெரியும், பாட்டிலை எதுக்கு எடுத்துட்டுப் போனீங்க, அதைச் சொல்லணும். அத்தை முன்னாடி. பெரியம்மா முன்னாடி. நானும் வந்து கேப்பேன்."

அவள் அப்பா காப்பியோடு வெளியே வந்தார். அவளே வாங்கி என் கையில் கொடுத்தாள். குடிக்க முடியவில்லை. வைத்துவிட்டும் வர முடியவில்லை. நின்றுகொண்டே குடித்தேன்.

ஆகஸ்ட் 27

ஜோதிமணியை இன்று வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஜீப்பிலிருந்து ரஞ்சித் இரு கையிலும் தூக்கி இறக்கினான். தெருவில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். யாரோ ஆரத்தி எடுத்தார்கள். கட்டிலில் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தார்கள். கழுத்தில் வெள்ளைத் துணி ஒட்டியிருந்தது.

செவ்வந்தி அவள் அப்பாவோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே வரச் சொல்லி ஒருவரும் கூப்பிடவில்லை. எமல்டா போய் அவள் பக்கத்தில் நின்றாள்.

என்னைப் பார்த்ததும் பாக்கியம் நாற்காலி போட்டாள். "நீங்க உக்காருங்க சார். உங்க மனசு யாருக்கு வரும்?"

"உட்கார வரலம்மா. ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

வகுப்பில் பேசுகிற குரல் எனக்கு எப்போதும் கைகொடுக்கும். இன்று வரவில்லை. பின்னால் இருந்தவர்கள் கேட்கவில்லை என்றார்கள். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். குக்கர் பழுதானது, அது கூடாது என்று தெரிந்தே அண்டாவில் வைத்தது, சூடு பண்ணாமல் சாப்பிடச் சொன்னது. ஜோதிமணியின் கண்ணைப் பார்த்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் பாட்டிலை வாங்கிப்போனேன். டாக்டர் கேட்டபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன். மறுநாள் அதிகாலையில்தான் மிஷினில் வைத்தார்கள். ஞாபகம் வந்தது என்றது பொய். கீரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்தப் பெண்ணை அடிக்காத குறையாகத் திட்டியபோது படியிறங்கிப் போனேன்.

பாக்கியம் தான் போட்ட நாற்காலியை எடுத்து ஓரமாக வைத்தாள்.

ரஞ்சித் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருக்கும். "எங்க அம்மாவுக்குக் கழுத்துல ஓட்டை போட்டாங்க சார்" என்றான். வகுப்பில் கடைசி பெஞ்சில் எழுந்து, புரியாததைக் கேட்கும்போது இப்படித்தான் நிற்பான். பிறகு கேட்டைப் பார்த்துப் போனான். செவ்வந்தி அவனைத் தாண்டிக்கொண்டு உள்ளே வந்தாள். அவன் பேச வந்ததை அவள் கேட்கவில்லை. நேராகக் கட்டிலுக்குப் போய் ஜோதிமணியின் காலடியில் உட்கார்ந்தாள்.

ஜோதிமணி ஒரு கையை மெல்ல நகர்த்தி அவள் தலைமேல் வைத்தாள். எனக்கு அவள் சொன்னது காற்றுபோலத்தான் கேட்டது. இருந்தாலும் வார்த்தை புரிந்தது.

"போங்க சார்."

ஆகஸ்ட் 29

காலையில் கேட்டைத் திறந்தால் பிளம்ஸ் பாட்டில்கள். மே மாதம் நான் கொடுத்தவை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கொண்டுவந்து சுவரோரம் வரிசையாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பிளம்ஸில் எந்த ஆபத்தும் இல்லை, அது புளிப்பு. யாரிடம் போய்ச் சொல்வது? எமல்டாவும் நானும் உள்ளே எடுத்து வைத்தோம். அவள்தான் முதலில் குனிந்தாள்.

செப்டம்பர் 14

பத்து நாளாகப் பேரிக்காய் பழுத்து விழுகிறது. நான் பறிக்கவில்லை. யாருக்குக் கொடுப்பது? இந்த வருடம் அடைக்கவும் போவதில்லை. புல்லெல்லாம் பழம், எறும்பு.

பதினொரு மணிக்கு கேட் சத்தம். செவ்வந்தி. கையில் துணிப்பை. இங்கேதான் இருக்கிறாள், மாமியாரோடு உள் அறையில் படுக்கிறாளாம். ரஞ்சித்திடம் தேவைக்குத்தான் பேசுகிறாளாம். எமல்டா சொன்னது.

"பேரிக்காய் விழுந்து வீணாப் போகுது சார். அத்தைக்கு இன்னும் கெட்டியா முழுங்க முடியல. வேகவைச்சு மசிச்சுக் கொடுக்கலாம்னு டாக்டர் சொன்னாரு."

எனக்குக் கை பரபரத்தது. நல்ல மரம் எது, எந்தப் பழம் நார் இல்லாமல் இருக்கும் என்று எனக்குத் தெரியும். "இரும்மா, நான் பறிச்சுத் தர்றேன்" என்று படியிறங்கினேன்.

"வேணாம் சார். நானே பறிச்சுக்கிறேன். நீங்க தொட வேணாம்."

கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பில் சூடான பாத்திரம் இருக்கிறது, தள்ளி நில் என்று ஒருவருக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

ஏணியை மட்டும் எடுத்து மரத்தடியில் சாய்த்துவிட்டு, வாசல்படிக்கு வந்து நின்றுகொண்டேன். அவள் ஏறி, ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துப் பன்னிரண்டு பழம் பறித்தாள். ஏணியைத் திரும்ப எடுத்த இடத்திலேயே வைத்தாள். போகும்போது கேட்டைச் சாத்தி, கொண்டியும் போட்டாள்.